நாலு விரலும் ஒட்டிய கால்

அப்தோன் மால்கி விதவைத் தீவில் இறங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு குவானாய் நீர்க்காகம் அவன் செருப்பின்மேல் வாந்தி எடுத்தது. பாதி செரித்த நெத்திலி ஏழெட்டு, கூழும் எண்ணெயுமாக. வெயிலில் அதிலிருந்து ஆவி கிளம்பியது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆட்டு ரோமமும் உருளைக்கிழங்கு வேகும் வாசனையும் தவிர வேறெதுவும் பழகாத மலைநாட்டு மூக்கு. என்னவென்று குனிந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவனும் வாந்தி எடுத்தான்.

"பறவை வணக்கம் சொல்லிச்சு. பய பதில் வணக்கம் சொல்லிட்டான் பாருங்கவே!" என்று கூவினார் தீவுக் காவலர் இலாரியோ ஃபர்ஃபான். மூட்டையோடு நின்ற எருவெட்டிகள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டு. அதற்கு ஆறு வருடம் முன்னால் மலை சரிந்ததில் அப்தோனின் அப்பா, வீடு, கிழங்குக் காடு மூன்றும் ஒன்றாக மண்ணுக்குள் போயிருந்தன. தீவுகளில் படியும் பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டியெடுக்கும் எருவெட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு பருவம் வெட்டினால் புது வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம் என்று கடற்கரைக்கு இறங்கி வந்தான். ஒரு பருவம் ஐந்து பருவமாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்தவன், குடிக்காதவன் என்பதால் எரு அலுவலகம் அவனை எண்பத்தொன்றில் காவலனாக்கி இலாரியோவுக்குத் துணையாக அதே தீவில் வைத்தது. ஊர்ப்பக்கம் இதைப் பெரிய உத்தியோகமாகப் பேசினார்கள். உத்தியோகம் என்னவென்றால், பத்து லட்சம் பறவைகளின் கழிவறைக்கு வாயிற்காப்போனாக இருப்பது.

அப்தோன் சுத்தக்காரன். சாப்பிடுமுன் மூன்று தடவை கை கழுவுவான். தீவிலோ நல்ல தண்ணீர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை படகில் பீப்பாயில் வரும். காவல் குடிசையின் கதவு, சன்னல், அடுப்பு, கட்டில் எல்லாவற்றின் மேலும் நீறு பூசினாற்போல் ஒரு வெள்ளைப் படலம். காலையில் துடைத்தால் மதியம் மறுபடி இருக்கும். காற்றில் ஏறிய கார நெடி கண்ணைப் பிழியும். ரொட்டியைக் கடித்தால் அந்த நெடி ரொட்டிக்குள்ளும் இருக்கும். மெத்தையின் தையலுக்குள் உண்ணிகள் குடியிருந்தன. தினமும் ஊசியால் குத்தி எடுத்து விளக்குத் தீயில் போடுவான். அவை பட்பட்டென்று வெடிக்கும்போது மட்டும் மனதுக்குச் சற்று இதமாக இருக்கும்.

"இத்தன வருசமாச்சு, உனக்கு இன்னும் பழகலியாவே?" என்று இலாரியோ கேட்பார். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். அப்தோனைவிட எட்டு வயது மூத்தவர். எச்சம் விழுந்த தொப்பியைத் தட்டிவிட்டு அதே கையால் மீனைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார்.

"பழகுறதுக்கு இது என்ன பொண்டாட்டியா அண்ணே?"

"பொண்டாட்டிய வெறுத்தவன்கூட இத்தன உத்து உத்துப் பாக்க மாட்டான்வே!"

அது உண்மைதான். பிடிக்காத ஆளின் ஒவ்வொரு அசைவும் நமக்குக் கண்ணில் படுமே, அப்படித்தான் அப்தோனுக்கு நீர்க்காகங்கள் கண்ணில் பட்டன. அந்தக் கரையில் மூன்று சாதி நீர்க்காகம் உண்டு. மூன்றையும் அவனைப்போல் பிரித்துச் சொல்ல ஆளில்லை.

முதலாவது குவானாய். தீவின் தலைமேல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இலட்சக்கணக்கில் நிற்பது அதுதான். கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, தொண்டையில் ஒரு வெள்ளைத் திட்டு. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பாதிரிமார் கூட்டம் என்பார்கள். கிட்டப் போனால் தெரியும் பாதிரிமாரின் லட்சணம். கண்ணைச் சுற்றி இறகில்லாத தோல், ஆறாத புண் மாதிரி சிவப்பாக. அந்தச் சிவப்புக்குள்ளே பாசி பிடித்த பச்சையில் ஒரு வளையம். கொக்கிபோல் வளைந்த அலகு. வெயில் ஏறினால் வாயைத் திறந்துவைத்துத் தொண்டைத் தோலை வெடவெடவென்று நடுக்கும். ஆயிரம் தொண்டைகள் ஒரே நேரத்தில் நடுங்குவதைப் பார்த்தால் அப்தோன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கூடு கட்ட மற்றப் பறவைகள் சுள்ளி பொறுக்கும், புல் பொறுக்கும். இது தன் எச்சத்தையே சுற்றிலும் வழித்துக் கிண்ணமாக்கி அதற்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வருவது தோலுரித்த எலிபோல் கறுப்பாய், கண் திறக்காமல், கழுத்து நிற்காமல் ஆடும் ஒரு பிண்டம். அது தாயின் தொண்டைக்குள் தலையைத் தோள்வரை நுழைத்து, உள்ளே செரித்துக் கிடப்பதைத் தின்னும். முதல் தடவை பார்த்தபோது, தாய் பிள்ளையை விழுங்குகிறது என்றே அப்தோன் நினைத்தான். விழுங்கியிருந்தாலும் பரவாயில்லை என்றும் நினைத்தான்.

இரண்டாவது சூயிதா. செங்குத்துப் பாறையில் கடலைப் பார்த்துத் தனித்தனியாகக் கூடு வைப்பது. சாம்பல் உடம்பு, கழுத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டை, மஞ்சள் அலகு, அதன் அடியில் ஆரஞ்சு. கால் மட்டும் பவளச் சிவப்பு, சாயத்தில் தோய்த்தெடுத்த மாதிரி. அழகுதான். ஆனால் அந்த அழகின் காலடியில் பாறை நெடுக வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தபின் அதையும் அவனுக்குப் பிடிக்காமல் போயிற்று.

மூன்றாவது குஷூரி. உச்சியிலிருந்து வால்வரை மங்கிய கறுப்பு, நீண்ட வால், மெலிந்த கழுத்து, அலகின் ஓரத்தில் எச்சில் ஒதுங்கியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. தீவில் ஒன்றிரண்டுதான் ஒதுங்கும். ஆறு, வாய்க்கால், அணை எங்கும் திரியும் நாடோடி. ஒருமுறை விடுப்பில் அப்தோன் இரண்டு நாள் பஸ் ஏறி மலைக்குப் போனான். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டர் உயரத்தில், சின்ன வயதில் ஆடு மேய்த்த ஏரிக்கரையில் உட்கார்ந்து, அப்பாடா, இங்கே வாடையில்லை என்று மூச்சை இழுத்துவிட்டான். எதிரே தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கறுத்த கழுத்து எழுந்தது. குஷூரி. அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, பாறையில் ஏறி, வாலைத் தூக்கிக் கழித்தது. அன்றைக்கு அவன் கல்லெடுத்து எறிந்தான். தீவில் செய்திருந்தால் வேலை போயிருக்கும்.

காவலர்கள் வாரம் ஒருமுறை பறவைகளைக் கணக்கிட்டுக் குறிப்பேட்டில் எழுதி, வானொலியில் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். பறவை நிற்கும் இடத்தை நடந்து அளந்து, சதுர மீட்டருக்கு இத்தனை என்று பெருக்கிப் போடுவார்கள். வருடத்துக்கு இருமுறை சோதனைக்கு வருகிற பொறியாளர் தெல்பினா ஒத்தாரோலா, அப்தோனின் குறிப்புகளைப் படித்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "அப்தோன், படிச்சவங்ககூட இவ்வளவு துல்லியமா எழுதறதில்ல. பறவைங்கமேல உங்களுக்கு ரொம்பப் பிரியம்னு தெரியுது."

"இல்லீங்க இன்ஜினியரம்மா. குமட்டுது."

அந்த அம்மாள் சிரித்தார். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

கரையில், லோபெரா என்ற மீன்பிடிக் குப்பத்தில், அப்தோன் தோமித்திலாவைக் கல்யாணம் செய்துகொண்டான். மாதத்தில் பத்து நாள் இலாரியோவுக்குக் கரை, பத்து நாள் இவனுக்குக் கரை, மீதிப் பத்து நாள் இருவரும் தீவில். கரைக்கு வந்தால் தோமித்திலா அவனை நேரே வீட்டுக்குள் விடமாட்டாள். கொல்லையில் நிற்கவைத்து, துணியை உருவி, சோப்பும் வெந்நீருமாகத் தேய்ப்பாள். "எத்தன தேச்சாலும் உங்க காதுக்குப் பின்னால அந்த நாத்தம் இருக்கு" என்பாள். எண்பத்தெட்டில் நெலிதா பிறந்தாள். தோமித்திலாவுக்குப் பால் வற்றிக் குழந்தை வாடியபோது, இலாரியோவின் மனைவி எல்விரா தன் பிள்ளையை ஒரு பக்கமும் நெலிதாவை மறுபக்கமும் போட்டு நாலு மாதம் பால் கொடுத்தாள். அதனால் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன், ஞானத்தாய் யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஞான உறவின்படி அப்தோனும் இலாரியோவும் ஒருவரையொருவர் கும்பாதிரி என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்; எல்விரா கும்மாதிரி ஆனாள். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம். கும்பாதிரியோடு போட்டால் பாவம் என்பது அந்தக் குப்பத்தின் நம்பிக்கை.

தொண்ணூற்றேழாம் வருடம் கடல் சூடேறத் தொடங்கியது. ஜூன் மாதக் குளிர்காலம் வந்தும் தண்ணீரில் கையை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. நெத்திலி ஆழத்துக்கும் தெற்குக்கும் போய்விட்டது. பறவைகள் அதன் பின்னால் போயின. போக முடியாதவை தீவில் இளைத்துக்கொண்டு நின்றன. அப்தோனின் குறிப்பேட்டில் எண்கள் இறங்கின. ஆனால் அவன் கணக்கும் இலாரியோவின் கணக்கும் ஒத்துவரவில்லை. இவன் கரைக்குப் போய்த் திரும்பும் பத்து நாளில் தீவின் வடக்கு மூலை மட்டும் வழித்தெடுத்ததுபோல் காலியாக இருந்தது.

"தெற்கே போயிருச்சு கும்பாதிரி. பசி யாரை விடும்? என் கணக்குலயே கையெழுத்துப் போடும்" என்றார் இலாரியோ. அப்தோன் போட்டான்.

ஜூன் இருபத்தொன்பது, மீனவர்களின் காவலரான இராயப்பர் திருநாள். அன்று மட்டும் அலுவலகத்திலிருந்து மாற்று ஆள் வந்து தீவைப் பார்த்துக்கொள்வான். இரு காவலர்களும் கரையில் இருக்கலாம். சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றி வந்தபின், எல்லோரையும் இலாரியோ தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். மீன் இல்லாத வருடத்தில் பெரிய விருந்து. கொத்தமல்லி அரைத்துவிட்டுப் பச்சைப் பசேலென்று வடித்த சோறு, அதன்மேல் கறுத்த வாத்துக்கறித் துண்டுகள், வெங்காயம், எலுமிச்சை. எல்விரா பெரிய கரண்டியால் அள்ளிப் போட்டாள்.

"போதும் கும்மாதிரி."

"என்ன போதும்? தீவுல ரெண்டு பேரும் கல்லத் தின்னுட்டுத்தான இருக்கீங்க. சாப்பிடுங்க!"

கறி சற்று விறைப்பாக இருந்தது. எண்ணெய் ஊறிய ஒரு அடிச்சுவை. ஆனாலும் மிளகாயும் புளிப்பும் அதை அமுக்கிவிட்டன. அப்தோன் இரண்டாம் தடவையும் வாங்கினான். பக்கத்தில் ஒன்பது வயது நெலிதா எலும்பைக் கையில் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "அப்பா, ஞானம்மா வாத்து நம்ம வீட்டு வாத்தவிட ருசி" என்றாள். தோமித்திலா முறைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கை கழுவ அப்தோன் கொல்லைக்குப் போனான். ஒரு தடவை கழுவினான், இரண்டாம் தடவை கழுவினான். தொட்டிக்கு அந்தப்பக்கம் நாய் ஒரு சாக்கை இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தது. விரட்டப் போனவன் நின்றான். சாக்குக்குள்ளிருந்து ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

வாத்தின் காலில் முன்விரல் மூன்றுக்கும் இடையில்தான் தோல் இருக்கும். பின்விரல் தனியே சின்னதாக நிற்கும். இந்தக் காலில் நாலு விரலும் ஒரே தோலில் ஒட்டியிருந்தன. அப்படிப்பட்ட கால் இலட்சக்கணக்கில் நடந்த சேற்றில் அவன் இருபத்தொரு வருடம் நடந்தவன். உட்கார்ந்து சாக்கைப் பிரித்தான். இளஞ்சிவப்புக் கால்கள், முப்பதோ நாற்பதோ. கழுத்தோடு வெட்டிய தலைகள். கண்ணைச் சுற்றிய சிவப்புத் தோல் இப்போது ஊதா நிறமாகியிருந்தது. பச்சை வளையம் மட்டும் அப்படியே இருந்தது. அடியில் இரண்டு கால்கள் பவளச் சிவப்பு. சூயிதாவைக்கூட விடவில்லை.

வயிற்றிலிருந்த அத்தனையும் அவனுக்கு மேலே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். ஓய்ந்தது என்று நிமிர்ந்தால், நெலிதா எலும்பு உறிஞ்சிய சத்தம் காதில் கேட்டது. மறுபடி எடுத்தான். பச்சைச் சோறு மூக்கு வழியாக வந்தது. நாய் அதை நக்க வந்தபோது உதைத்தான்.

இலாரியோ வாசற்படியில் வந்து நின்றார். சாக்கையும் பார்த்தார், இவனையும் பார்த்தார். கதவைப் பின்னால் சாத்திக்கொண்டார்.

"சத்தம் போடாதேயும் கும்பாதிரி. உள்ள ஆளுக இருக்கு."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா. நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக்கடைக்காரன் கேட்டான். தோலை உரிச்சு வினிகர்ல ஒரு ராத்திரி ஊறப்போட்டா எவனுக்கும் தெரியாது. லாரிக்காரன் விரலச் சூப்பிட்டுப் போறான். உமக்கே தெரியலியே, ரெண்டு தடவ வாங்கித் தின்னீரு!"

"எம் பிள்ளைக்குப் போட்டீங்க."

"எம் பிள்ளைக்குந்தான் போட்டேன். என்னவே இது? அதுக செத்துட்டிருக்கு, நீரே பாத்தீருல்லா? கடல்ல மீனில்ல. இன்னும் மூணு மாசத்துல அம்புட்டும் கருவாடு. சாகப்போறதத்தான அடிச்சோம்." இலாரியோ கிட்ட வந்து குரலைத் தணித்தார். "அதுவும் உமக்கென்னவே அதுகமேல? இருபது வருசமா தூ தூன்னு துப்பினவரு நீரு. நான் ஒருநாளாவது அதுகளத் திட்டியிருக்கனா?"

அப்தோன் சாக்கின் வாயை இழுத்து மூடினான். பறவைகள்மேல் அவனுக்கு இரக்கம் பொங்கவில்லை. அந்தத் தலைகளைப் பார்த்தபோதும் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் அதே கையால் இராயப்பர் சுரூபத்தைத் தூக்கிய மனிதர் வாய்கூசாமல் நிற்பது அதைவிட அருவருப்பாக இருந்தது. எல்லாவற்றையும்விட, கண்ணால் பார்க்காமல் அந்தக் கணக்கேட்டில் தான் போட்ட கையெழுத்து நினைவு வந்தபோது, தன் உடம்பின்மேலேயே எச்சம் வழிவதுபோல் இருந்தது.

"இனி இது கூடாது" என்றான். "இன்னைக்கோட நிறுத்துங்க. நான் எதுவும் பேச மாட்டேன்."

"சரி கும்பாதிரி, சரி. முகத்தத் தொடச்சிட்டு உள்ள வாரும்" என்றார் இலாரியோ.

வீட்டுக்கு வந்ததும் தோமித்திலாவிடம் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். திரும்பி வந்து முகம் கழுவினாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க. நெலிதா உடம்புல அவ பால் ஓடுது" என்றாள்.

ஜூலை நடுவில் தீவில் அப்தோனின் முறை. தனியாக இருந்தான். கடல்மேல் பனிமூட்டம் சாந்துபோல் படிந்திருந்தது. மீந்திருந்த குவானாய்கள் ஐம்பதாயிரம் இருக்கும். நெஞ்செலும்பு துருத்த, இறகு கலைந்து, தீவின் நடுமேட்டில் நெருக்கிக்கொண்டு நின்றன. கிட்டப் போனால் வாந்தி எடுக்கவும் அவற்றின் வயிற்றில் ஒன்றுமில்லை. வாயைப் பிளந்து ஒரு நூல் பச்சைத் தண்ணீரை மட்டும் ஒழுகவிட்டன. வடக்கு மூலையில் தட்டையான கற்களைப் புரட்டிப் பார்த்தான். கீழே குழி. குழி நிறைய இறகும் குடலும் வெள்ளைப் புழுவும். கல்லைத் திரும்ப வைக்கும்போது கைவழியே புழு ஏறியது. கடலில் போய்க் கையைத் தேய்தேய் என்று தேய்த்தான்.

நாலாம் நாள் முற்பகலில் படகுச் சத்தம் கேட்டது. தண்ணீர்ப் படகு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் இலாரியோ இறங்கினார், பின்னால் இரண்டு ஆட்கள், கையில் தடியும் மடித்த சாக்குகளும். தயக்கமே இல்லாமல், சந்தைக்கு வருவதுபோல் ஏறி வந்தார்கள்.

"கும்பாதிரி, நீரு குடிசைக்குள்ள போய் ஒரு மணி நேரம் படுத்துக்கிடும். உமக்கு எலுமிச்சையும் ரொட்டியும் கொண்டாந்திருக்கேன்" என்றார் இலாரியோ.

"நிறுத்தச் சொன்னேன்ல?"

"கடைசித் தடவ. என் ஞானமக மேல சத்தியம்."

"அவ பேரச் சொல்லாத!" என்றான் அப்தோன். முதல் தடவையாக அவரை 'நீ' என்றான்.

ஆட்களில் ஒருவன் சிரித்தான். "இவருதானா அந்த மூக்கப் பொத்தற காவல்காரரு?" என்று கேட்டுக்கொண்டே மேட்டை நோக்கி நடந்தான். நின்ற இடத்திலேயே ஒன்றை அடித்தான். பக்கத்துப் பறவை கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தது. இரண்டாவதை அடித்தான். பசியில் துவண்ட கூட்டம், சட்டென்று எழாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தடி விழும் சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல் கேட்டது.

தீவுக் காவலுக்கு ஒரே ஒரு பெரிய சட்டம் உண்டு: பறவையைக் கலைக்காதே. இருமல் வந்தாலும் அடக்கு, மெதுவாக நட, உரக்கப் பேசாதே. கூட்டம் மொத்தமாக எழுந்தால் முட்டை போய்விடும், குஞ்சு போய்விடும், சில நேரம் கூட்டமே வேறு தீவுக்குப் போய்விடும். அப்தோன் பதினாறு வருடம் காவலனாக இருந்து ஒரு தடவைகூட அதை மீறியதில்லை.

குடிசைக்கு ஓடினான். சோற்றுச் சட்டியையும் இரும்புக் கரண்டியையும் எடுத்தான். சட்டியை அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, நேரே கூட்டத்தின் நடுவில் பாய்ந்தான். கெட்டவார்த்தைகள், செபங்கள், மலைப்பாஷையில் ஆடு விரட்டும் கூச்சல், எல்லாம் கலந்து வந்தது. எச்சக் கிண்ணங்கள் காலடியில் நொறுங்கின. முதலில் அருகில் நின்றவை எழுந்தன. பிறகு அடுத்த வரிசை, அதற்கடுத்தது. பிறகு மேடு முழுவதும் ஒரே கறுப்பாக எழும்பியது.

ஐம்பதாயிரம் பறவை எழுந்தால் என்ன ஆகும் என்பதை அந்த இரண்டு ஆட்களும் அறிந்திருக்கவில்லை. பட்டினி கிடந்தாலும், எழும் பறவை குடலில் மிஞ்சியதைக் கழித்துப் பாரத்தைக் குறைத்துக்கொண்டுதான் எழும். வானத்திலிருந்து வெள்ளையும் பச்சையுமாகக் கொட்டியது. சூடான, காரமான, கூழான மழை. தொப்பியில், தோளில், கண்ணில், சட்டைக்குள். தடிக்காரன் வாயில் விழுந்தது. அவன் காறித் துப்பிக்கொண்டே வழுக்கி விழுந்தான், எழ முயன்று மறுபடி விழுந்தான். கத்திக்கொண்டிருந்த அப்தோனின் வாயிலும் விழுந்தது. இருபது வருடமாக அவன் எதற்குப் பயந்தானோ அது நாக்கில் பட்டு, பல்லில் ஒட்டி, தொண்டைக்குள் இறங்கியது. குமட்டியது. குமட்டியபடியே சட்டியை அடித்தான். நிறுத்தினால் அவை திரும்ப இறங்கிவிடும் என்று பயந்து, கை மரத்துப்போகும்வரை அடித்தான்.

பனிக்குள் சிறகுச் சத்தம் தெற்கே தேய்ந்து போயிற்று. மேட்டில் அடிபட்டுக் கிடந்த பதினொரு பறவைகளும் நான்கு மனிதர்களும்தான் மிச்சம். நால்வரும் வெள்ளையாக இருந்தார்கள்.

"பாழாப் போறவனே, அம்புட்டையும் விரட்டிட்டியே!" என்றார் இலாரியோ. கண்ணைத் துடைத்தார், துடைத்த கையிலும் அதுவே இருந்தது. "உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. பறவையில்லாத தீவுக்கு எதுக்குலே காவல்?"

"போ" என்றான் அப்தோன். "இல்லன்னா அடுத்து சட்டி உன் தலையில விழும்."

படகு போனபின் வானொலியை முடுக்கி அலுவலகத்தைக் கூப்பிட்டான். தெல்பினாவே எடுத்தார். அவன் நடந்ததைச் சொன்னான். பறவைகளைக் கலைத்தது தான்தான் என்றும் சொன்னான். "கணக்கும் பொய் இன்ஜினியரம்மா. ரெண்டு வருசமா பொய். என் கையெழுத்தும் அதுல இருக்கு."

தெல்பினா தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "நீங்க நல்லா இருக்கீங்களா அப்தோன்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லீங்க. குளிக்கணும்."

விசாரணை நடந்தது. இலாரியோவின் வேலை போயிற்று. கடைக்காரன் அபராதத்தோடு தப்பித்தான். அப்தோனுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. வேலையை எடுக்கவில்லை. அந்த வருடம் தீவுக்குப் போக வேறு எவனும் முன்வராததும் அதற்கு ஒரு காரணம். லோபெராவில் அவனோடு பேசுவதை நிறுத்தினார்கள். கும்பாதிரியைக் காட்டிக்கொடுத்தவன் என்று சிறுபிள்ளைகூடச் சொல்லிற்று. எல்விரா தெருவில் நெலிதாவைக் கண்டால் முத்தமிட்டு, இவனைக் கண்டால் தரையில் துப்புவாள். தோமித்திலா சமைத்து வைப்பாள், வெந்நீர் ஊற்றுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த மௌனம் கிறிஸ்துமஸ்வரை நீடித்தது.

ஒருநாள் கொல்லையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "நாத்தம் கொறஞ்சிருக்கு" என்றாள்.

"பறவையே இல்ல."

"ஒண்ணுமா இல்ல?"

"சாகறது மட்டுந்தான் வருது."

அழுதது அவள்தான். அவன் அழவில்லை.

கிறிஸ்துமஸை ஒட்டி வந்த அந்தக் கோடை முழுவதும் கடல் இறந்த குவானாய்களைக் கொண்டுவந்து தீவின் ஓரமெல்லாம் தள்ளியது. ஊறி உப்பியவை, கண்ணை நண்டு தின்றவை, தூக்கினால் இறகு கையோடு வருபவை. அப்தோன் புதிதாக வந்த துணைக் காவலனோடு சேர்ந்து அவற்றைக் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தான். எரிக்கும் நாற்றத்துக்கு முன்னால் எச்ச நாற்றம் சந்தனம். ஒவ்வொன்றையும் எரிக்குமுன் சாதி பார்த்து எழுதினான். குவானாய் நாலாயிரத்துச் சொச்சம், சூயிதா பதினேழு, குஷூரி ஒன்று. இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணும் கண்ணால் பார்த்தது.

கடல் குளிர்ந்தபின் பறவைகள் திரும்பி வந்தன. முதலில் நூறு, பிறகு ஆயிரம். தெல்பினா வானொலியில் குதூகலித்தார். அப்தோனும் சந்தோஷப்படப் பார்த்தான். முதல் கூட்டம் இறங்கிய மேட்டுக்கு ஏறிப் போனான். ஒன்று அவனைக் கண்டதும் கழுத்தை நீட்டி, வயிறு நிறைய நெத்திலியைக் கொட்டியது. அவனுக்குக் குமட்டியது. சந்தோஷம் வேறெங்கோ தனியாக இருந்தது, குமட்டல் தனியாக இருந்தது. இரண்டும் கலக்கவேயில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் இலாரியோ ஈரல் கெட்டு இறந்தார். வேலை போனபின் அவர் சாலையோரத்தில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் இருவரும் ஒரு சொல் பேசவில்லை. அப்தோன் வீட்டு வாசலில் போய் நின்றான். உள்ளே போகவா வேண்டாமா என்று தெரியவில்லை. எல்விரா வெளியே வந்தாள்.

"எதுக்கு வந்தீரு?"

"கும்பாதிரிய எடுக்க நாலு பேரு வேணுமே."

"மூணு பேரு இருக்காக" என்றாள் அவள். இந்தத் தடவை தரையில் துப்பவில்லை. பிறகு வழிவிட்டாள்.

கல்லறை மணல்மேட்டில் இருந்தது. கால் புதையும் ஏற்றம். அப்தோனுக்கு ஐம்பத்திரண்டு வயது, இடுப்பில் மூட்டை சுமந்த பழைய வலி. பாதி வழியில் தோள் மாற்ற ஒருவன் வந்தான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மேலேவரை அவனே சுமந்தான். குழி மூடியபின் எல்விராவிடமும் நெலிதாவிடமும் சொல்லிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினான். மறுநாள் கணக்கெடுப்பு. தண்ணீர்ப் படகு காத்துக்கொண்டிருந்தது.